ஃபிரிட்ஜ் சுருதி

மார்ச் 4

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஃபோன் செய்துகொண்டிருக்கிறேன். நீ எடுக்கவில்லை. ஃபோன் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி அனுப்பிய செய்திக்கு மட்டும் உடனே பதில் வந்ததாம், சட்டை அளவு சரியாக இருக்கிறது என்று. ஆக, ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாதவன் நான்தான்.

அதனால் இந்தக் கடிதம். உன் பேருந்து நிலையத்துக்கு வரும் காலை வண்டியின் ஓட்டுநர், ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி நீட்டி ஓட்டுவாரே, ஆமை, அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ இதைக் கிழித்துப் போட்டால் சாயந்திரத்துக்குள் எனக்குத் தகவல் வந்துவிடும். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

நடந்ததை ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். நீ வந்தாய். எதிரொலி வரக் கூடாது என்று என் வீட்டுக்காரியின் தையல் துணிச் சுருள்களையெல்லாம் ஹாலில் சுவரோரம் நிறுத்தினேன். நான் கிட்டாரோடு மைக் முன்னால் உட்கார்ந்தேன். பாட்டு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே என்று நீ எதிரே துணி வெட்டும் மேஜைமேல் உட்கார்ந்து கூடவே பாடினாய். உன் பாட்டைத் தனியாக என் ஃபோனில் பதிவு செய்தேன். பல்லவி நன்றாக வந்தது. கடைசியில் ‘மறுபடி மழை வரட்டும்’ என்று மேலே ஏறும் இடத்தில் உன் குரல் உடைந்தது. பாட்டு முடிந்ததும் நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

“பேரிங் போயிடுச்சுக்கா உனக்கு.”

அவ்வளவுதான். நான் லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் சாயந்திரம் வரை ஏதாவது ஒரு மோட்டாருக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறவன். ஒரு சத்தம் கேட்டால் எது தேய்ந்திருக்கிறது என்று வாய் தானாகச் சொல்லிவிடும். நீ அழி என்றாய். ஃபோனில் இருந்ததை உன் கண் முன்னாலேயே அழித்தேன். அதற்குப் பிறகும் ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

இந்தப் பாட்டை விட எனக்கு மனசில்லை. இதற்கு முன்னால் நான் கட்டிய மெட்டுகள் எல்லாம் பாதியில் நின்ற கட்டடங்கள். லிஃப்ட் வைக்கக் குழி மட்டும் இருக்கும், மாடி இருக்காது. நீ உன் அறிவிப்பாளர் கூண்டில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன குடை பேசுவதாக நாலு வரி எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒன்று முழுதாக எழுந்து நின்றது. கிட்டார் பதிவை மட்டும் பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். இங்கே வர இஷ்டமில்லை என்றால் அங்கேயே உன் ஃபோனில் பாடி அனுப்பு. நான் சேர்த்துக்கொள்கிறேன்.

வாய் பெரிசு, காது சுத்தம்,
தம்பி


மார்ச் 12

தம்பி,

கடிதம் கிடைத்தது. ஆமை அதைக் கூண்டின் ஓட்டை வழியாக நீட்டிவிட்டு, நான் பிரித்துப் படித்து முடிக்கும்வரை நகரவே இல்லை. கிழிக்கவில்லை என்று சொல்லியிருப்பார்.

சட்டை அளவு சரி என்று உன் மனைவிக்குத்தான் சொன்னேன். அதை நீ ஏன் படிக்கிறாய்?

உன் கிட்டாரை என் சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஐந்து கட்டையும் இல்லை, ஐந்தரைக் கட்டையும் இல்லை. நடுவில், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவன் முழிப்பது மாதிரி முழிக்கிறது. எனக்குப் பேரிங் பார்ப்பதற்கு முன்னால் உன் கம்பிகளைப் பார்த்திருக்கலாம்.

நீ சொன்னது ஒரு வார்த்தைதான். சிரித்துக்கொண்டு சொன்னாய், உன் மனைவியை வைத்துக்கொண்டு சொன்னாய். இந்தக் குரலைக் கேட்டுத்தான் இத்தனை வருஷமாக இந்த ஊரில் வண்டி ஏறுகிறார்கள். என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். அதைப் போய் நீ லிஃப்ட் மோட்டாராக்கிவிட்டாய்.

திரும்பி வரும்போது பாதி வழிவரை கோபம் இருந்தது. மீதி வழியில், இவன் சொன்னது சரியாக இருந்தால் என்ன செய்வது என்று தோன்றிவிட்டது. அடுத்த நாளே தொண்டை மருத்துவரிடம் போனேன். மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். குரல்நாணில் ஒரு கட்டி. அரிசிமணி அளவுதான். வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதன் பிறகு என் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “குரல் வரும். எப்படி வரும்னு இப்பவே சொல்ல முடியாதும்மா” என்றார். அதுவரை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது இன்னும் கெடுதலாம்.

ஆகவே நான் ஃபோனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. எடுத்து என்ன செய்வது?

பாட்டை முடி. உன் மனைவியைப் பாடச் சொல். வார்த்தை என்னுடையது, மெட்டில் பாதி என்னுடையது, எனக்கு அது போதும். ஆனால் என் குரல் அதில் எங்கேயும் இருக்கக் கூடாது. உடைந்ததை நாலு பேர் கேட்க வேண்டாம். இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

கிளம்பி வந்துவிடாதே. வந்தால் நீ பேசுவாய். உனக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆறுதல் சொல்லி எழுதினால் செய்தித்தாளில் வருவது மாதிரி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கல்நெஞ்சக்காரன் எழுதியது மாதிரி இருக்கிறது.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி எனக்கு முன்னால் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தையல் மெஷினை நிறுத்தினாள். “அண்ணிகிட்டப் போயி பேரிங்கு, ஸ்க்ரூன்னு பேசுறீங்களே. ஊசி கையிலதான் இருக்கு, உங்க வாயைத் தச்சிடட்டுமா?” என்றாள். அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான் பேச்சு. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். வீட்டில் இப்போதுதான் பாடம் நடக்கிறது.

என்ன எழுதுவது என்று தெரியாததால் கிட்டாரைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டைக் கணக்கு சொன்னாயே, முதலில் எனக்கு ரோஷம்தான் வந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்கிறாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை மதியம் கிட்டாரை மடியில் வைத்து மீட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. கிட்டாரின் சத்தமே மாறிவிட்டது. அதே கம்பி, அதே விரல், ஆனால் யாரோடும் ஒட்டாமல் தனியாக நின்றது. வாசித்துக்கொண்டே இருந்தேன். மின்சாரம் வந்தது. ஹாலில் இருக்கும் ஃபிரிட்ஜ் ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்தது. கிட்டார் போய் அதன் மடியில் உட்கார்ந்துகொண்டது.

புரிகிறதா? அடுக்களைக் கதவு குறுகல் என்று ஃபிரிட்ஜை ஹாலில்தானே வைத்திருக்கிறோம். சுருதி காட்டும் கருவிக்கு பாட்டரி தீர்ந்து எவ்வளவோ நாள் ஆயிற்று. நான் காதாலேயே கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கே வைத்தால் இதமாக இருக்கிறதோ அங்கே நிறுத்தினேன். இதமாக இருந்தது, ஏனென்றால் ஃபிரிட்ஜ் அந்தச் சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள மோட்டாருக்கெல்லாம் குறை சொல்கிறவன், என் வீட்டு மோட்டாருக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறேன்.

இப்போது பாட்டரி வாங்கிவிட்டேன். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, ஐந்து கட்டையில் ஒழுங்காக முதலிலிருந்து பதிவு செய்யப் போகிறேன். பாடுவதற்குத்தான் ஆள் இல்லை. என் வீட்டுக்காரி முடியாது என்கிறாள். “அது அண்ணி பாட்டு. நான் பாடினா அளவு சொல்ற மாதிரி இருக்கும்” என்கிறாள். ஒரு தடவை பாட வைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

ஆபரேஷன் என்றைக்கு? கூட யார் இருப்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. நான் வரட்டுமா?

தம்பி


மார்ச் 25

தம்பி,

ஃபிரிட்ஜ் விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்து அறையில் சீட்டு கொடுப்பவர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். வேறென்ன செய்ய?

நான் பேசுவதில்லை என்றதும் எல்லாரும் என்னிடம் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டீக்கடைக்காரர், “அக்கா, சக்கரை போடட்டுமா?” என்று நிலையம் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அதையும் அவர் உரக்கப் படித்தார்.

கூண்டில் இப்போது கணினிக் குரல்தான். மேலாளர் ஒரு பெட்டியை வைத்துப் பொத்தானைக் காட்டினார். நான் பொத்தானை அழுத்துகிறேன், அது பேசுகிறது. தவறு சொல்ல முடியாது, உச்சரிப்பு சுத்தம். எல்லா வண்டியையும் ஒரே மாதிரி கூப்பிடுகிறது, அதுதான் குறை. கடைசி வண்டியை நான் இரண்டு தடவை சொல்வேன். இரண்டாவது தடவை குரலைக் கொஞ்சம் இறக்கிக் கெஞ்சுவேன். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடுவார்கள். இது கெஞ்சுவதில்லை. போன வாரம் ஒரு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கடைசி வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குரல் வந்த பிறகு பார்க்கலாம் என்றார் மேலாளர். பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வராத வண்டிகளைப் பற்றி மக்கள் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன்.

பாட்டு விஷயம். நீ ஃபிரிட்ஜை அணைக்க வேண்டாம். உன் பழைய பதிவை மறுபடி கேட்டேன். சுருதிப்பெட்டி இல்லாமல் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஊரில் மற்றவர்களுக்குத் தம்புரா, நமக்கு ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொள். அந்தப் பதிவையே வைத்துக்கொண்டு பாட ஒரு ஆளைத் தேடு.

ஆபரேஷன் ஏப்ரல் ஒன்பதாம் தேதி. வருவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பொறுமையாகப் படி.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ஃபிரிட்ஜை அணைத்து, புது பாட்டரியில் சுருதி பார்த்து, கிட்டாரை மறுபடி பதிவு செய்துவிட்டேன். தவறே இல்லை. உயிரும் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். பால் திரிந்து என் வீட்டுக்காரி திட்டியதுதான் மிச்சம். நீ பழையதே போதும் என்று எழுதியதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. அதில் ஃபிரிட்ஜ் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்று ஹெட்ஃபோனை மாட்டி ஒலியை முழுசாகக் கூட்டினேன்.

உள்ளே நீ இருக்கிறாய்.

நீ எதிரே மேஜையில்தானே உட்கார்ந்திருந்தாய். கிட்டாரை மட்டும் கேள் என்று மைக்கிடம் யார் சொல்வது? அது எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. அடுத்த வீட்டில் யாரோ பாடுவது மாதிரி, தூரத்தில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீ பாடுகிறாய். உடைகிற இடமும் இருக்கிறது. புதுப் பதிவில் ஏன் உயிர் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் அதில் யாருக்கும் வாசிக்கவில்லை. பழையதில் உனக்கு வாசித்திருக்கிறேன். நீ மூச்சு எடுக்கும் இடத்தில் என் கை நிற்கிறது.

ஃபோனில் இருந்ததை உன் எதிரே அழித்தேன், அது சத்தியம். இது இருப்பது எனக்கே தெரியாது. எடுக்கலாமா என்று பார்த்தேன். டீயில் கரைந்த சர்க்கரையை எடுக்க முடிந்தால் இதையும் எடுக்கலாம். கிட்டாரை வைத்தால் நீயும் இருப்பாய். நீ வேண்டாம் என்றால் கிட்டாரையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எங்கேயும் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். நீ சொன்னால் தூக்கிப் போடுகிறேன். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் நீ பாடியதில் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கூண்டில் நீ பேசியதையெல்லாம் யாரும் பிடித்து வைக்கவில்லை. அதனால் என் இஷ்டத்துக்கு நான் இதில் கை வைக்க மாட்டேன். முடிவு உன்னுடையது.

முன்னும் பின்னும் வெட்டாமல் முழுசாக அனுப்பியிருக்கிறேன். கூடவே என் ஹெட்ஃபோனும் இருக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் ஒன்றும் தெரியாது. போன தடவை அனுப்பியதில் கடைசித் துண்டை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். அதில் என் பேச்சு இருக்கிறது. என்ன பேச்சு என்று உனக்குத் தெரியும். முடிவில் எப்படியும் அதை வெட்டிவிடுவேன்.

ஒன்பதாம் தேதி நான் வரட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது.

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

பென்டிரைவ் கிடைத்தது. கேட்கவில்லை. சட்டைப் பொத்தான்கள் போடும் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பழைய குரலைக் கேட்டுவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போக எனக்குத் தைரியம் இல்லை. நான் சொல்லும்வரை நீயும் அதைத் தொடாதே. சேர்க்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு உன் மனைவியை அனுப்பு. நீ வேண்டாம். நீ வந்தால் அங்கே லிஃப்டில் ஏறி, சத்தத்தைக் கேட்டு ஏதாவது சொல்லி வைப்பாய். அப்புறம் என்னை மாடிப்படியில்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பயம் இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று எங்கேயோ படித்தேன். எழுதிவிட்டேன். குறையவில்லை.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

என் வீட்டுக்காரி நேற்று வந்து சேர்ந்தாள். நீ கண் விழித்ததும் முதல் வேலையாக சிலேட்டைக் கேட்டு வாங்கி, தலையணை உறை தையல் கோணல் என்று எழுதிக் காட்டினாயாம். அவளுக்கு ஒரே சந்தோஷம். “அண்ணிக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்காங்க” என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்றாள். வந்ததும் உடனே எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. ஒன்பதாம் தேதி வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆமையின் வண்டியில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நீ வராதே என்றாய் அல்லவா. உன் நிலையத்தில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் கூண்டில் வேறு யாரோ உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணினிக் குரல் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சொன்னது. நல்ல மோட்டார். தேய்மானமே கிடையாது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர், “என்ன தம்பி, வண்டியை விட்டுட்டீங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன்.

இங்கே ஃபிரிட்ஜுக்கு முடியவில்லை. சத்தம் வருகிறது, குளிர் வரவில்லை. மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறான் ரிப்பேர்காரன். புது மோட்டார் வந்தால் சுருதி மாறிவிடும். பாட்டுக்கு இன்னொரு கிட்டார் சேர்க்க வேண்டி வந்தால் நான் எங்கே போவேன்? பாட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். வெண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டாள் என் வீட்டுக்காரி. ‘இந்த வீட்ல ஃபிரிட்ஜ் பாடுது, கிட்டார் தூங்குது’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அது உண்மைதான். நீ சொல்லும்வரை தொட மாட்டேன் என்று உறைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

தம்பி


ஜூன் 3

தம்பி,

எழுதத் தாமதம். சோதனை முடிவு வந்ததும் உன் மனைவிக்கு இரண்டு வார்த்தை அனுப்பினேன், நல்ல முடிவு என்று. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இப்போது விவரமாகச் சொல்கிறேன். கட்டி கெட்டது இல்லை. ஆனால் கெட்டதாகப் போகும் வழியில் இருந்ததாம். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நாம வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்” என்றார் மருத்துவர். இவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லை, யார் அனுப்பியது என்று கேட்டார். தம்பி, லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதிக் காட்டினேன். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டையும் ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

போன மாதம்தான் சத்தம் போட அனுமதித்தார்கள். முதலில் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன். உன் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இருந்தது. மருத்துவருக்குத் திருப்தி. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குரல் வந்திருக்கிறது, ஆனால் இது வேறு ஆளுடைய குரல். கீழே இறங்கிவிட்டது, ஓரத்தில் மணல் இருக்கிறது. காய்கறி வாங்கும்போது நானே பேசிவிட்டு, யார் பேசியது என்று திரும்பிப் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை.

மேலாளர் பார்த்தார். பார்த்துவிட்டு, கூண்டு கணினிக்கே இருக்கட்டும், நீங்கள் தவறவிட்ட பொருள்களின் அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் கடைசி வண்டியை மட்டும் நானே வெளியே வந்து வாயால் கூப்பிடுகிறேன். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இந்தக் குரலுக்கும் எழுந்து ஓடுகிறார்கள்.

இந்த அறையில் கோட்டும் பையும் போர்வையும் கூரை வரை அடுக்கியிருக்கிறது. எதிரொலி இல்லை. உன் துணிச் சுருள்களைவிட இது மேல். குடைகள் தனியாக ஒரு மூலை முழுக்க. போன வாரம் மதியம் கதவைச் சாத்திவிட்டு, டப்பாவிலிருந்து பென்டிரைவை எடுத்து, உன் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன்.

நான் பயந்தது மாதிரி இல்லை. அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தூரத்தில் ஒரு பெண் பாடுகிறாள், ‘வரட்டும்’ என்று மேலே ஏறும்போது அவளுக்கு வழுக்குகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

அப்புறம் ஃபோனை ஒரு குடைக் காம்பில் கட்டித் தொங்கவிட்டு, நான் பாடினேன். வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்:

மழை விட்டதும் மறந்துபோனாய்
மறுபடி மழை வரட்டும்
உன் கை கொடுத்த சூடு மட்டும்
என் கைப்பிடியில் இருக்கட்டும்

வெயில்தான் உனக்குப் பிடிக்குமென்றால்
வெயிலோடு நீ போய் வா
ஒரு துளி உன் தோளில் விழுந்தால்
ஒரு முறை எனைத் தேடி வா

கடைசியில் பல்லவி திரும்பி ‘மறுபடி மழை வரட்டும்’ என்று வரும்போது என்னால் மேலே ஏற முடியவில்லை. எவ்வளவோ தடவை பார்த்தேன். கடைசியில் ஏறாமல் இறக்கிவிட்டேன். இறக்கிய பிறகுதான் எனக்குத் தோன்றியது, மழை என்றால் கீழேதானே வரும்? இத்தனை நாள் நாம் ஏன் அதை மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம்?

இரண்டையும் சேர்த்துக் கேட்டேன். உன் கிட்டாருக்குள் இருப்பவள் ஏறுகிறாள், நான் இறங்குகிறேன். அவள் உடைகிற இடத்தில் நான் கீழே இருக்கிறேன். அதனால் நீ கிட்டாரைத் தூக்கிப் போட வேண்டாம். எங்கேயும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதை நானே எடுத்துக்கொள்கிறேன். இதோடு அனுப்பும் என் பதிவில், சரணத்துக்கு நடுவே வெளியிலிருந்து கணினிக் குரல் ஏதோ வண்டியை அறிவிக்கிறது. அதையும் உன்னால் எடுக்க முடியாது, டீயில் சர்க்கரை. இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் மனைவியிடம் வெண்ணெய் வாங்கச் சொல். பாட்டு முடிந்துவிட்டது, ஃபிரிட்ஜுக்கு மோட்டாரை மாற்று.

இன்னும் ஒன்று. கடைசித் துண்டை வெட்டிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அதையும் கேட்டேன். கடைசிக் கம்பி அடங்குகிறது. நீ “பேரிங் போயிடுச்சுக்கா உனக்கு” என்கிறாய். உன் சிரிப்பு. மேஜையில் கத்தரிக்கோல் விழும் சத்தம். அப்புறம் ஃபிரிட்ஜ் மட்டும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. நீ மைக்கை அணைக்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் பேசுகிறேன், மைக்குக்குப் பக்கத்தில் எழுந்து வந்து, தெளிவாக.

“அழி. இப்பவே, என் கண்ணு முன்னாடி அழி.”

எவ்வளவு நல்ல குரல், தம்பி. நிலையத்தின் கடைசி மூலைவரை கேட்கும். அந்தக் குரல் கடைசியாகப் பதிவானது அந்த வார்த்தையில்தான்.

அதை அழிக்காதே.

அக்கா